வெட்டிய மரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை ஓரத்தில் மரக்கன்று நட்டு வண்டிப் புகையை ஈடுகட்டப் போவதாகப் போன வாரம் நம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. படமும் போட்டிருந்தீர்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் நாலு பேர் சேர்ந்து ஒரே செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்தச் செடி என்ன அவ்வளவு பாரமா என்று என் பேத்தி கேட்டாள். சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். ஆனால் அந்த 'ஈடுகட்டுவது' என்ற வார்த்தை மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போடுவதென்றால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கை மட்டும் வெட்டவேண்டாம்.

நான் காரைக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன். செட்டிநாட்டில் கணக்கு எழுதுவது என்றால் சும்மா இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது, ஐந்தொகை (வரவு செலவு சரிபார்க்கும் முடிவுக் கணக்கு) எடுக்கும்போது காலணா இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டிய ஆட்களிடம் கணக்குப் படித்தவர்களிடம் நான் படித்தேன். அவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வரவை எழுதும் கை பற்றையும் எழுதவேண்டும். மரம் நட்ட செய்தியில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது. எத்தனை ஆயிரம் கன்று, எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். பற்றுப் பக்கத்தை நான் எழுதிப் பார்த்தேன்.

டீசலில் இருந்து ஆரம்பிக்கிறேன், அது எனக்குத் தெரிந்த சரக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியே வரும். ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை இல்லையே, அதிலிருந்து எப்படி இரண்டேமுக்கால் கிலோ வரும் என்று நானும் முதலில் நம்பவில்லை. டீசலில் இருக்கும் கார்பன், காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு வெளியே போகிறது, அதனால் எடை கூடுகிறது. பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. மரம் இதைத் திருப்பிச் செய்கிறது, வாயுவை இழுத்து, கார்பனை மட்டும் எடுத்துக் கட்டையாக்கி, ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகிறது. காய்ந்த கட்டையில் ஏறக்குறைய பாதி எடை கார்பன்தான். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் டீசல் விட்ட புகைக்கு எங்காவது ஒரு மரம் ஒன்றரைக் கிலோ காய்ந்த கட்டை அளவுக்குப் பருக்கவேண்டும்.

இதை நம்ம ஊர் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் ஓனர் முகத்தில் சிரிப்பு வரும். அப்படியே வைத்தாலும் பத்து லிட்டர், 27 கிலோ வாயு, அதாவது 15 கிலோ கட்டை. ஒரு லாரி, ஒரு நடை, ஒரு பக்கம் மட்டும். திரும்பி வருவது தனி.

அப்புறம் பெரிய கணக்கு. ஒரு நெடுஞ்சாலையில் நாளைக்கு 10,000 வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். பைக், கார், பஸ், லாரி எல்லாம் கலந்து சராசரியாக ஒரு வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 100 மில்லி எண்ணெய் குடிக்கிறது என்று பொதுவாகப் போடுகிறேன். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மட்டும் நாளைக்கு 1,000 லிட்டர் எரிகிறது, அதாவது சுமார் 2.6 டன் வாயு. அதே ஒரு கிலோமீட்டரில் ரெண்டு பக்கமும் பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்றால் 200 மரம் நிற்கும். நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருஷத்துக்கு இருபது கிலோ வாயுவை இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் இது மாறும், இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்வோம். 200 மரமும் சேர்ந்து வருஷத்துக்கு 4 டன். ஆக, ஒரு வருஷம் முழுக்க 200 மரம் ராப்பகலாக உழைத்துச் சம்பாதித்ததை அந்த ரோடு ஒன்றரை நாளில் ஊதிவிடுகிறது.

நான் போட்ட எண்கள் கூடுதல் என்று தோன்றினால் வண்டியைப் பாதியாக்குங்கள், மரத்தை இரட்டிப்பாக்குங்கள், அப்போதும் ஆறு நாள்தான் வரும். வருஷத்துக்கு 365 நாள். இந்த ஐந்தொகை எந்தக் காலத்திலும் தேறாது.

அதற்காக மரம் நடவேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நடத்தான் வேண்டும், நிறைய நடவேண்டும். எதற்காக நடுகிறோம் என்பதை ஒழுங்காகச் சொல்லுங்கள் என்கிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி போவது உங்களுக்குத் தெரியும். நான் ஆறு தடவை அவர்களோடு கூடவே நடந்திருக்கிறேன், காவடி எடுத்தவனாக இல்லை, சும்மா துணைக்கு. தை மாதம், காலையில் பனி விழும், ஆனாலும் பதினொரு மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன சூடு என்று. சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற வழியில் மரம் நிற்கிற இடத்தில் கூட்டம் தானாக மெதுவாகும், மரம் இல்லாத இடத்தில் தானாக ஓடும். நிழல் விழுந்த தார் வேறு, நிழல் விழாத தார் வேறு, ரெண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி கால் சொல்லும். இதற்கு எந்தக் கார்பன் கணக்கும் தேவையில்லை.

தூசியும் அப்படித்தான். ரோட்டோரப் புங்க இலையை விரலால் ஒரு தடவை வழித்துப் பாருங்கள், விரல் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பில் கொஞ்சமாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்குக்குள் போகவேண்டியது. மழை பெய்தால் இலை கழுவிக்கொண்டு மறுபடி தயாராகிவிடும். நிழலுக்கு, தூசிக்கு, காக்கை குருவிக்கு என்று சொல்லி நட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புகைக்கு ஈடு என்று சொல்லும்போதுதான் கணக்கெழுதியவனுக்குக் கை அரிக்கிறது, ஏனென்றால் ஈடு கட்டியாயிற்று என்று ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் புகையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இனி வெட்டிய மரத்துக்கு வருகிறேன். செய்தியில் இந்தப் பேச்சே இல்லை.

எங்கள் ஊர் விலக்கில், அதாவது நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தில், மூன்று புளியமரம் இருந்தது. உடம்பில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, அதன் மேல் நம்பர் எழுதி, வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடுவார்கள். பங்குனியில் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் கிளையில் ஏறி உலுக்க, கீழே சாக்கை விரித்துப் பெண்கள் பொறுக்குவார்கள். நடு மரத்தில் யார் யாரோ ஆணி அடித்து மாட்டிய பல் டாக்டர் போர்டும் மூலம் பவுத்திரம் போர்டும் தொங்கும். அந்த ஆணிகளுக்கெல்லாம் மரம் ஒன்றும் சொல்லவில்லை, பட்டையை வளர்த்து அப்படியே விழுங்கிக்கொண்டது. ரோட்டை அகலப்படுத்தியபோது மூன்றையும் எடுத்துவிட்டார்கள். நடு மரத்தை எடுக்க ஒன்றரை நாள் ஆனது, ரம்பம் ஆணியில் பட்டுப் பட்டுப் பல் போனதாக வெட்ட வந்தவர் எரிச்சல்பட்டார். மரத்தின் கடைசி எதிர்ப்பு அதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரோடு தேவைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலூர், திருப்பத்தூர் வழியாக மதுரை போகிற பாதை நாலுவழியான பிறகு அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பது எனக்கும் தெரியும். ரோட்டை ஒட்டி நிற்கிற புளியமரத்தில் மோதிச் செத்தவர்களின் வீட்டுக்கு நானும் துக்கத்துக்குப் போய் வந்தவன். வேகம் கூடின ரோட்டில் பெரிய மரம் விளிம்பை ஒட்டி நிற்கக்கூடாது என்று இன்ஜினியர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. முதல் வரிசையில் சின்ன மரம், தள்ளி அடுத்தடுத்த வரிசையில் பெரிய மரம் என்று அவர்கள் நடச் சொல்வதும் இதற்காகத்தான். நான் கேட்பது வேறு, வெட்டியதைப் பற்றில் எழுதினீர்களா?

அந்த நடு மரத்தை நானும் என் தம்பியும் கை கோத்துத்தான் கட்டிப்பிடிக்க முடியும். மூன்று மீட்டர் சுற்றளவுக்குக் குறையாது. கிளையெல்லாம் சேர்த்து 3 டன் காய்ந்த கட்டை என்று குறைத்தே போடுகிறேன். அதில் அடைந்து கிடந்த கார்பன், எரிந்து வெளியே போனால் ஐந்து டன்னுக்கு மேல் வாயு. கிட்டத்தட்ட 2,000 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். அதற்குப் பதிலாகப் பத்துக் கன்று வைக்கிறோம் என்பது வழக்கமான பதில், ஒன்றுக்குப் பத்து என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து வருஷம் கழித்து அந்தப் பத்தும் உயிரோடு இருந்து, பத்தும் கையளவு பருத்திருந்தாலும், எல்லாவற்றையும் தராசில் போட்டால் 200 கிலோ கட்டை தேறினால் பெரிய விஷயம். மூவாயிரம் கிலோவை எடுத்துக்கொண்டு இருநூறு கிலோவைக் கொடுத்துவிட்டு 'ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிவிட்டேன்' என்று சொல்கிற வட்டிக்கடையை எங்கள் ஊரில் யாரும் நடத்தியதில்லை.

வெட்டின கட்டை எங்கே போனது என்பதும் கணக்கில் வரவேண்டும். நம் வீடுகளில் முகப்பில் நிற்கிற பர்மாத் தேக்குத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். என் நண்பர் வீட்டில் ஒன்றை நூல் பிடித்து அளந்தோம் (வயசான காலத்தில் எங்களுக்கு வேறு வேலை இல்லை). ஓர் அடி விட்டம், பதினொன்றரை அடி உயரம். ஏறக்குறைய 150 கிலோ கட்டை. நூறு லிட்டர் டீசல் விடுகிற புகைக்குச் சமமான கார்பன் அந்த ஒரு தூணுக்குள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சத்தமில்லாமல் நிற்கிறது. தூணாக, நிலையாக, கதவாக இருக்கும்வரை அது வெளியே போகாது. ஆனால் எங்கள் விலக்குப் புளியமரம் தூணாகவில்லை. துண்டு துண்டாகி, ரெண்டு டிராக்டரில் ஏறி, காளவாசலுக்குப் போய்ச் செங்கல் சுட்டது. நூறு வருஷம் சேர்த்தது ஒரு வாரத்தில் வானத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம், பழைய வீட்டை இடித்துத் தூணை வெளியூர் ஓட்டல்காரர்களுக்கு விற்கிறோமே என்று மனசு கஷ்டப்படுவேன். கார்பன் கணக்கில் மட்டும் பார்த்தால் அது பரவாயில்லை, எரியாமல் இன்னொரு இடத்தில் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் பழைய சாமான் வியாபாரியை மன்னிக்கிறேன்.

சரி, நட்ட கன்றுக்கு வருவோம். அகலமான ரோட்டில், எங்கள் விலக்கிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரைக்கும் நான் தினமும் காலையில் நடப்பேன். ஒருநாள் எண்ணிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் மட்டும் 64 செடிக் கூண்டு இருந்தது. உயிரோடு இருந்த செடி 19. மீதிக் கூண்டில் கோரைப்புல், பிளாஸ்டிக் பை, ஒன்றில் கோழி முட்டை கூட இருந்தது. சில இடத்தில் குச்சி மட்டும் நின்றது.

எண்ணி முடித்து நிற்கும்போது தண்ணி வண்டி வந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும். ஒரு கூண்டு விடாமல் ஓஸைக் காட்டிக்கொண்டே போனான், குச்சிக்கும் தண்ணீர், கோரைக்கும் தண்ணீர். "தம்பி, அது செத்துப் போச்சேப்பா" என்றேன். "தெரியும் ஐயா. கூண்டுக் கணக்குக்குத்தான் ஊத்தச் சொல்லியிருக்காங்க. செத்ததை விட்டுட்டுப் போனா போட்டோவுல ஒரு கூண்டு குறையும்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த வண்டி அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டேன், கை சும்மா இருக்காதே. போய் வர முப்பது என்றான். எட்டு லிட்டர் டீசல். சுமார் 22 கிலோ வாயு. நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஒரு வருஷம் இழுப்பதை அந்த வண்டி ஒரே நடையில் விட்டுவிட்டது, குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக. வாரத்துக்கு ரெண்டு நடை, வருஷத்துக்கு நூறு நடை போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். புகைக்கு ஈடாக நட்ட செடியே புகைக் கடன் வாங்கி வளர்கிறது.

இந்தத் தண்ணி வண்டிக் கடன் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்பதுதான் வயிற்றெரிச்சல். வன மகோத்சவம் என்று மரம் நடும் விழாவை 1950இல் அப்போதைய மத்திய உணவு, விவசாய அமைச்சர் கே.எம். முன்ஷி டெல்லியில் ஆரம்பித்து வைத்தார், ஜூலை முதல் வாரம். அவர்களுக்கு அது சரி, தென்மேற்குப் பருவம் அப்போதுதான் இறங்கும். நம்ம சீமைக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். ஜூலையில் இங்கே ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கும், அம்மியே பறக்கும் என்பார்கள், அரையடிக் கன்று என்ன ஆகும்? ஆனாலும் நம்மிடம் ஜூலையில் நட்டுப் படம் எடுப்பது நிற்கவில்லை. புரட்டாசி கடைசியில் குழி வெட்டி, ஐப்பசி முதல் மழை மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கியதும் நட்டால், மார்கழி வரைக்கும் வானம் பார்த்துக்கொள்ளும், அதற்குள் வேர் கொஞ்சம் கீழே போயிருக்கும், தண்ணி வண்டி மாசியில் வந்தால் போதும்.

குழியும் அப்படித்தான். நம்ம மண் சரளை, கடப்பாரையைப் போட்டால் கல்லில் பட்ட மாதிரி 'டங்' என்று சத்தம் வரும். கூலிக்கு வெட்டுகிறவர் ஓர் அடியோடு விட்டுவிடுவார், அவரையும் குறை சொல்ல முடியாது, குழிக்கு இவ்வளவு என்றுதானே பேசியிருக்கிறார்கள். ஆனால் வேர் அந்தச் சட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்து ரெண்டாவது கோடையில் காய்ந்துவிடும். மூன்றடி வெட்டி, கண்மாய்க் கரம்பையை அள்ளிப் போட்டு நட்ட செடி எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்னால் கவனிப்பாரில்லாமல் நிற்கிறது, ரெண்டு ஆள் உயரம். அப்புறம் மாசி பங்குனியில் ரோட்டோரக் கோரையைக் கொளுத்திவிடுகிற பழக்கம். யார் கொளுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லா வருஷமும் எரியும். கூண்டு இரும்பு, அது நிற்கும், உள்ளே இருப்பது வெந்துவிடும். பிழைத்த பெரிய மரங்களும் அடிப்பட்டை கருகித்தான் நிற்கின்றன. கொளுத்துவதற்கு முன்னால் கூண்டைச் சுற்றி ஒரு மண்வெட்டி அகலம் புல்லைச் செதுக்கிவிட்டால் போதும், கூண்டுக்கு ரெண்டு நிமிஷ வேலை.

என்ன மரம் என்று நிறைய எழுதமாட்டேன், உங்கள் வாசகர்களுக்கே தெரியும். வேம்பு, புங்கம், நாவல், பூவரசு, இலுப்பை, இடம் அகலமாக இருந்தால் ஆலும் அரசும், கண்மாயை ஒட்டி மருதம். சீக்கிரம் வளரும் என்று சிலர் இன்னும் தைலமரத்தைச் சொல்கிறார்கள். புதுக்கோட்டை ஜில்லாக்காரரிடம் போய்த் தைலமரக் காட்டைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், அவர் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் வெட்டி, காகிதமாகி, காகிதமும் எரிந்துபோனால் கார்பன் உள்ளே வந்ததும் வெளியே போனதும் ஒன்றுதான், நடப்புக் கணக்கு மாதிரி. நமக்கு வேண்டியது நூறு வருஷ வைப்பு. நடுத்திட்டில் அரளி வைப்பது வேறு காரணத்துக்கு, எதிர்வண்டி லைட் கண்ணில் அடிக்காமல் மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது, வறட்சி தாங்கும். அந்த வேலைக்கு அது நல்ல செடிதான். ஆனால் அதையும் மரக் கணக்கில் ஒன்று என்று சேர்த்து எழுதுவதாகக் கேள்விப்பட்டேன், அப்படி இருந்தால் அது கணக்கில்லை.

மத்திய அரசு 2015இல் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்து, ரோட்டுத் திட்டச் செலவில் ஒரு சதவீதத்தை மரம் நடவும் பராமரிக்கவும் ஒதுக்கச் சொன்னது. நூறு கோடி ரோட்டுக்கு ஒரு கோடி. சின்னப் பணம் இல்லை. 2020இல் ஹரித் பாத் என்று ஒரு செயலியும் வந்தது, செடிக்குச் செடி இடத்தைக் குறித்துக் கண்காணிக்கலாமாம். நல்லது. பணம் இருக்கிறது, செயலி இருக்கிறது. ஆனால் எங்கள் விலக்கில் நிற்கிற யாருக்கும் அந்த ஒரு கிலோமீட்டரில் எத்தனை செடி உயிரோடு இருக்கவேண்டும், எத்தனை இருக்கிறது என்று பார்க்க ஒரு போர்டு இல்லை. ரேஷன் கடைச் சுவரில் சரக்கு இருப்பு எழுதிப் போடுகிற மாதிரி கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தில் எழுதி வைத்தால் என்ன? நட்டது இத்தனை, இந்தச் சித்திரையில் இருப்பது இத்தனை. வெட்டியது இத்தனை என்றும் அதற்குக் கீழே ஒரு வரி. காசும் கூண்டுக்கு என்று கொடுக்காமல், ஐந்தாவது சித்திரையில் இலையோடு நிற்கிற மரத்துக்கு என்று கொடுத்தால் அந்தப் பையன் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்காது.

புகையைக் குறைக்கவேண்டும் என்றால் அது மரத்தடியில் நடக்கிற வேலை இல்லை, ரோட்டில் நடக்கவேண்டிய வேலை. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயில் போகிறது, நம்ம பாதையும் மின்பாதை ஆகிவிட்டது, ஆனாலும் ஒரு ஆள் ஒரு காரில் திருச்சி வரை தனியாகப் போகிறோம். டயரில் காற்றுக் குறைந்தால் டீசல் கூடக் குடிக்கும் என்று எங்கள் ஆபீசில் டிரைவர்களிடம் கத்திக் கத்தியே என் தொண்டை போனது. மாதம் ஒருமுறை காற்று பார்த்த வண்டிக்கும் பார்க்காத வண்டிக்கும் டீசல் பில்லில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், சில வண்டிகளுக்கு அந்த மிச்சமே பல மரத்துக்குச் சமம். இதில் வேடிக்கை, பேட்டரியைப் பற்றி ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இலிருந்து நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்தது. அந்த வாசல் வழியாக ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஒன்றாவது பேட்டரியில் ஓடினால், அந்த வாசலில் வைத்தே ஒரு வடை வாங்கிக் கொடுத்து அதன் டிரைவரைப் பாராட்ட நான் தயார்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கன்று நட்ட அன்று உங்கள் நிருபர் வந்தார், படம் எடுத்தார். அதே இடத்துக்கு அடுத்த சித்திரையில் ஒருமுறை, அதற்கடுத்த சித்திரையில் ஒருமுறை, ஐந்தாவது சித்திரை வரைக்கும் வந்து எண்ணிப் போடச் சொல்லுங்கள். படத்தில் யாரும் நிற்கவேண்டாம், செடி மட்டும் போதும். எங்கள் விலக்கு என்றால் காலை ஆறரைக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும், ஒதுங்கி நிற்க அங்கே இப்போதைக்கு நிழல் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை இருக்கிறது, நான் அங்கேதான் இருப்பேன், பேரேடும் கையில் இருக்கும். அந்த 19இல் ஒரு புங்கம் போன வாரம் துளிர்விட்டிருக்கிறது, அதை மட்டும் முதலில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி